தைப்பூச நடைக்கு முன் ஆறு வாரம்

பழனிக்கு நடக்கப் போகிறவர்களிடம் குளிரைப் பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலும் சிரிப்புதான் பதில். ‘நம்ம ஊர்ல என்ன பெரிய குளிரு?’ என்பார்கள். உண்மைதான். தை மாதத்தில் சிங்கம்புணரியிலும் நத்தத்திலும் இரவு வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டி நிற்கும். சில இரவுகளில் அதற்கும் கீழே போகும். உலர்ந்த சட்டையோடு நடந்துகொண்டிருக்கிற ஆளை அது ஒன்றும் செய்யாது. அதே ஆள் மூன்று மணிநேரம் வேகமாக நடந்து, வேட்டி துண்டெல்லாம் வியர்வையில் ஊறி, பாலத்துத் திண்டில் போய் உட்கார்ந்து அரைமணிநேரம் வாடைக்காற்றை வாங்கட்டும். முதலில் தோள் நடுங்கும். பிறகு கெண்டைக்கால் இறுகும். எழுந்து நிற்கப் பார்த்தால் இரண்டு காலும் வேறு யாருடையதோ போல இருக்கும். பாதியில் வண்டியேறித் திரும்புகிறவர்களைக் கவனித்துப் பாருங்கள். நடந்துகொண்டிருக்கும்போது விழுந்தவர்கள் குறைவு. உட்கார்ந்து எழ முடியாமல் போனவர்களே அதிகம்.

அதனால் இந்த அத்தியாயம் நடப்பதைவிட நிற்பதற்கும் படுப்பதற்கும்தான் அதிக இடம் கொடுக்கிறது. காரைக்குடி வட்டாரத்திலிருந்து குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாகப் போகும் பாதையை மனத்தில் வைத்து எழுதுகிறேன். நகரத்தார் காவடிகள் தலைமுறை தலைமுறையாகப் போய்வரும் பாதை அது. மொத்தம் 160 கிலோமீட்டருக்குக் குறையாது. நாளுக்கு 25 முதல் 30 கிலோமீட்டர் என்று ஐந்தாறு நாள் பிடிக்கும். எடப்பாடிக்காரர்கள் வருவது வேறு திசை, அவர்கள் நாள் கணக்கும் வேறு. பாதமும் பனியும் மட்டும் எல்லாருக்கும் ஒன்று.

நாளும் நிலவும்

தைப்பூசம் என்றைக்கு என்று முதலில் பாருங்கள். 2024இல் அது ஜனவரி 25. 2025இல் பிப்ரவரி 11. 2026இல் பிப்ரவரி 1. இரண்டு மூன்று வார வித்தியாசம் மூட்டையையே மாற்றிவிடும். ஜனவரியில் வந்தால் பனி கடுமையாக இருக்கும், வடகிழக்குப் பருவமழையின் வாலும் நீண்டிருக்கலாம். 2021 ஜனவரியில் தமிழ்நாடு முழுக்கக் கொட்டிய மழையை விவசாயிகள் இன்னும் மறக்கவில்லை. பொங்கலுக்கு அறுக்க நின்ற நெல் வயலிலேயே சாய்ந்தது. அப்படியொரு ஆண்டில் மழைக்கோட்டு இல்லாமல் கிளம்புவது வம்பு. பிப்ரவரி நடுவில் வந்தால் இரவு இதமாகிவிடும், ஆனால் பதினொரு மணிக்கே தார் கொதிக்கத் தொடங்கும். அப்போது போர்வையைக் குறைத்துக் காலுறையைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

இன்னொரு கணக்கைப் பலர் போடுவதில்லை. தைப்பூசம் பௌர்ணமியை ஒட்டி வருவதால், வழியெல்லாம் நிலா இருக்கும் என்று நம்பி டார்ச்சை வீட்டில் வைத்துவிடுகிறார்கள். பூசத்துக்கு ஐந்தாறு நாள் முன்னால் கிளம்புகிறீர்கள் என்றால் அது வளர்பிறை அஷ்டமி, நவமியை ஒட்டிய நாள். அன்றைய அரைநிலா நள்ளிரவு வாக்கில் மறைந்துவிடும். நீங்கள் எழுந்து நடக்கத் தொடங்குவதோ இரண்டு, மூன்று மணிக்கு. ஆக முதல் இரண்டு மூன்று விடியல்கள் முழு இருட்டு. நிலா ஒவ்வொரு நாளும் முக்கால் மணிநேரத்துக்கு மேல் தள்ளி மறையும். ஒட்டன்சத்திரம் தாண்டும்போதுதான் விடியும்வரை வெளிச்சம் கிடைக்கும். குன்றக்குடியிலிருந்து திண்டுக்கல் வரைக்கும் நெற்றியில் கட்டும் விளக்கு ஒன்று ஆளுக்கு அவசியம். செல்போன் வெளிச்சம் போதும் என்பவருக்குக் காலையில் பேசுவதற்கு போனில் சார்ஜ் இருக்காது.

பாதம்

கார்த்திகை முடிந்து மார்கழி பிறந்ததும் காலில் வேலையைத் தொடங்குங்கள். பனிக்காலத்தில் வரும் பித்தவெடிப்புதான் வெறுங்கால் நடைக்கு முதல் எதிரி. வெயில் காலத்தில் நடக்கிறவருக்கு இந்தத் தொல்லை குறைவு. மார்கழியின் வறண்ட காற்றில் குதிகால் தோல் காய்ந்து கீறிக்கொள்ளும். வீட்டில் அது ஒரு அழகுப் பிரச்சினை. சாலையிலோ அந்தக் கீறலுக்குள் பொடி மணல் போய் உட்கார்ந்து, ஒவ்வொரு அடிக்கும் வாயை அகலத் திறக்கும். நத்தம் வருவதற்குள் இரத்தம் தெரியும்.

அனுபவசாலிகள் ஒரு வகையில் தவறாகச் சொல்வார்கள்: ‘தோல் தடிச்சாத்தான் நடக்க முடியும், தேய்க்காதே.’ தடிக்க வேண்டும், சரி; காயக் கூடாது. தடித்த தோலுக்கு எண்ணெய்ப் பசை இருந்தால்தான் அது வளைந்து கொடுக்கும், இல்லாவிட்டால் வெடிக்கும். ராத்திரி படுக்குமுன் வெதுவெதுப்பான தண்ணீரில் கால்மணிநேரம் காலை வையுங்கள். ஈரமாக இருக்கும்போதே குதிகால் ஓரத்தில் பொருக்குத் தட்டியதை மட்டும் கல்லால் லேசாகத் தேய்த்து எடுங்கள். பிளேடு வேண்டவே வேண்டாம். துடைத்துவிட்டு வாசலினோ விளக்கெண்ணெயோ மருந்துக் கடையில் கிடைக்கும் யூரியா கலந்த களிம்போ தடவிப் பருத்திக் காலுறை மாட்டிக்கொண்டு தூங்குங்கள். புறப்பாட்டுக்குப் பத்து நாள் முன்பு தேய்ப்பதையும் ஊறவைப்பதையும் நிறுத்திவிட்டு எண்ணெயை மட்டும் தொடருங்கள். நகத்தை ஒரு வாரம் முன்பே வெட்டிவிடுங்கள், நேராக. மூலையைக் குடைய வேண்டாம். கிளம்புகிற அன்று ஒட்ட வெட்டிய நகம் மூன்றாம் நாள் சீழ் கோக்கும்.

செருப்பு போடலாமா கூடாதா என்பது உங்களுக்கும் முருகனுக்கும் நடுவில் உள்ள பேச்சு. நான் குறுக்கே வரவில்லை. ஒன்று மட்டும் சொல்வேன். வாசலைத் தாண்டினால் செருப்பில்லாமல் போகாத கால், ஆறு வாரத்தில் 160 கிலோமீட்டர் வெறுங்காலுக்குப் பழகிவிடாது. இரவும் விடியலும் வெறுங்காலாக, தார் சுடும் நேரத்தில் தடித்த காலுறையோடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏராளமானவர்கள் அப்படித்தான் நடக்கிறார்கள். காலுறை இரண்டு மூன்று ஜோடி தேவை. பனியில் நனைந்த புல்லோரத்தில் நடந்த காலுறையைக் கழற்றாமல் விட்டால் தோல் ஊறி வெளுத்துச் சுருங்கும். ஊறிய தோல்தான் சீக்கிரம் கொப்புளிக்கும். செருப்போடு நடப்பவர்கள் விரலிடுக்கில் வார் போகும் ஹவாய் செருப்பைத் தவிர்த்து, பின்பக்கம் பட்டை உள்ள, இரண்டு மாதமாவது போட்டுப் பழகிய செருப்பை எடுத்துக்கொள்ளுங்கள். நடைக்கென்று புதிதாக வாங்கிய ஷூ காலைக் கடித்தே தீரும்.

கொப்புளம் வந்தால் என்ன செய்வது என்பதை வீட்டிலேயே தெரிந்துகொண்டு போங்கள். வழியில் ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொல்வார்கள். ஊசியில் நூலைக் கோத்துக் கொப்புளத்துக்குள் விட்டுவிடு என்பது அவற்றில் ஒன்று. அந்த நூல் ரோட்டு அழுக்கை உள்ளே இழுத்துக்கொண்டு போகும் வழி, வேறில்லை. சின்னக் கொப்புளத்தைத் தொடாமல் மேலே மருந்துக் கடையின் காகித டேப்பைச் சுருக்கமில்லாமல் ஒட்டிவிட்டு நடக்கலாம். நடக்கவே முடியாதபடி நீர் கோத்துத் துடிக்கிற பெரிய கொப்புளமாக இருந்தால், காலைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, பெட்டாடின் தடவி, உறை பிரிக்காத புது ஊசியால் கொப்புளத்தின் ஓரத்தில், தரையோடு ஒட்டி இரண்டு இடத்தில் குத்துங்கள். பஞ்சால் அழுத்தினால் நீர் வடிந்து மேல்தோல் படிந்து உட்காரும். அந்த மேல்தோலைப் பிய்க்காதீர்கள். அதைவிட நல்ல கட்டுத்துணி கிடையாது. மறுபடி பெட்டாடின், மேலே துணி, அதன்மேல் டேப். இதையெல்லாம் செய்துவிட்டு, சேவை முகாமில் அன்போடு நீட்டுகிற வெந்நீர்த் தொட்டியில் காலை வைத்தால் அத்தனையும் வீண்.

முள்வாங்கி ஒன்று மறக்காதீர்கள். திண்டுக்கல்லிலிருந்து பழனிவரை பாதயாத்திரைக்காரர்களுக்காகச் சாலையோரம் கல் பதித்த நடைபாதை போட்டிருக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் கல் பெயர்ந்த இடங்களில் நெருஞ்சி படர்ந்திருக்கும்.

பழகுவது

முதல் வாரத்திலேயே 20 கிலோமீட்டர் நடந்து முழங்காலைக் கெடுத்துக்கொள்ளும் ஆர்வம் பலருக்கு உண்டு. ஐந்தில் தொடங்குங்கள். வாரத்துக்கு நான்கு நாள் நடந்து, வார இறுதியில் மட்டும் தூரத்தைக் கூட்டி, நான்காம் வாரத்தில் 15, ஐந்தாம் வாரத்தில் 20 என்று போனால் போதும். ஒருநாள் 30 கிலோமீட்டர் நடந்துகாட்டுவதைவிட, சனி 18, ஞாயிறு 18 என்று அடுத்தடுத்த நாளில் நடந்து பார்ப்பது மேல். யாத்திரையில் கஷ்டம் முதல் நாள் அல்ல. முந்தின நாள் வலியோடு எழுந்து நடக்கும் இரண்டாம் நாள் காலைதான். அந்தக் காலை எப்படி இருக்கும் என்று உடம்புக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

பழக வேண்டியது கால் மட்டுமில்லை. ஒன்பது மணிக்குப் படுத்து இரண்டு மணிக்கு எழுந்து நடக்கும் வழக்கம் நம்மில் யாருக்கும் இல்லை. இதற்கு மார்கழியே கைகொடுக்கும். பெருமாள் கோயிலிலும் சிவன் கோயிலிலும் திருப்பாவை, திருவெம்பாவை பாடி நாலரைக்கே பஜனை கிளம்பும் ஊர்கள் இன்னும் இருக்கின்றன. அந்தக் கோஷ்டியோடு வெறுங்காலில் வீதி சுற்றி வாருங்கள். பனியில் நனைந்த சிமெண்டுத் தரையின் சில்லிப்பும், அதிகாலை மூச்சு எப்படி இழுக்கும் என்பதும் பழகிவிடும். இதில் கால் பாதியளவே பழகும், மிச்சப் பாதிக்குத் தார்ச் சாலைக்குத்தான் போக வேண்டும்.

மாலை போட்டு விரதம் இருக்கிறவர்கள் ஒருவேளைச் சாப்பாடு என்று சுருக்கிக்கொண்டே பயிற்சியும் செய்தால் புறப்படும்போது உடம்பு இளைத்துத் தளர்ந்திருக்கும். சைவமாக இருங்கள், குறைவாக இருக்க வேண்டாம். பருப்பும் பயறும் தயிரும் நிலக்கடலையும் தட்டில் கூடட்டும்.

மூட்டை

குழுவோடு போகிறவர்களுக்குப் பின்னால் ஒரு வேனோ குட்டியானையோ வரும். அது வருகிறது என்பதாலேயே ஆளுக்கு ஒரு பீரோவை ஏற்றிவிடுகிறார்கள். தோளில் இருப்பதும் வண்டியில் இருப்பதும் வேறு வேறு என்று தெளிவாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் வண்டி ஐந்து கிலோமீட்டர் முன்னால் போய் நிற்கும், அல்லது பின்னால் மாட்டிக்கொள்ளும். உங்களுக்குக் குளிர் எடுக்கும் நேரத்தில் அது பக்கத்தில் இருக்காது. ஆகவே தோள்பையில் கட்டாயம் இருக்க வேண்டியவை: மாற்றுவதற்கு உலர்ந்த பனியன் ஒன்று, உலர்ந்த துண்டு ஒன்று, காதை மூடும் குல்லா, மடித்தால் கைக்குள் அடங்கும் பாலித்தீன் விரிப்பு, விளக்கு, தண்ணீர், டேப்பும் பெட்டாடினும், அன்றாடம் சாப்பிடும் மாத்திரை. இவ்வளவுதான். பனியனையும் துண்டையும் ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி வையுங்கள். பனியில் தோள்பையே நனையும்.

சட்டையில் கனத்த ஸ்வெட்டர் ஒன்றைவிட மெல்லியதாக இரண்டு மூன்று அடுக்கு நல்லது. நடக்கத் தொடங்கிப் பத்து நிமிடத்தில் உடம்பு சூடாகும். அப்போது ஒன்றைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்ளலாம். ஸ்வெட்டரோடு நடப்பவர் உள்ளே வியர்த்து நனைந்து, நின்றதும் நடுங்குவார். கிளம்பும்போது கொஞ்சம் குளிர்கிற மாதிரி உடுத்தினால் சரியாக உடுத்தியிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

படுக்கை விஷயத்தில் எல்லாரும் போர்வையைப் பற்றியே யோசிக்கிறார்கள். நத்தம் பக்கம் ஒரு மண்டபத்தில் இதைப் பற்றி ஓர் ஆச்சி சொன்னதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. எழுபதை நெருங்கும் வயது. பக்கத்தில் ஒரு கல்லூரிப் பையன் கருங்கல் தரையில் துண்டை விரித்து, மேலே இரண்டு கம்பளி போர்த்தியும் குளிரில் புரண்டுகொண்டிருந்தான்.

“ஏன் தம்பி, தூக்கம் வரலியா?”

“ரொம்பக் குளிருது ஆச்சி. ரெண்டு போர்வை போத்தியும் நிக்கல.”

“குளிரு மேலேருந்தா வருது? கல்லுலேருந்துல்ல வருது. ஒண்ணை எடுத்துக் கீழ விரி. இந்தா, இதையும் போடு.”

அவர் நீட்டியது பிஸ்கட் வந்த அட்டைப்பெட்டி, பிரித்துத் தட்டையாக்கியது. அவருடைய கோரைப்பாய்க்கு அடியிலும் அதேபோல இரண்டு கிடந்தன. பையன் பத்து நிமிடத்தில் குறட்டை விட்டான். கருங்கல்லும் சிமெண்டுத் தரையும் உடம்புச் சூட்டை இரவு முழுக்க உறிஞ்சிக்கொண்டே இருக்கும். தரைக்கும் உங்களுக்கும் நடுவில் காற்றைப் பிடித்துவைக்கிற எதுவானாலும் சரி: அட்டை, சாக்கு, வைக்கோல், பாய். மண்டபம் கிடைக்காமல் வெளியில் படுக்க நேர்ந்தால் திறந்த வெளியைத் தவிர்த்து ஒரு கூரையின் ஓரத்துக்கோ மரத்தடிக்கோ போங்கள். பனி இறங்குவது வானம் பார்த்த இடத்தில்தான்; மரத்தடியில் போர்வை அவ்வளவாக நனையாது. புளியமரத்தடியில் படுக்காதே என்று யாராவது சொன்னால் வாதாடாமல் அடுத்த மரத்துக்கு நகர்ந்துவிடுங்கள். இந்தச் சாலைகளில் மரத்துக்கா பஞ்சம்.

நின்றதும் செய்வது

பிற்பகல் மூன்றரைக்குக் கிளம்பி இரவு ஒன்பதுவரை, மறுபடி அதிகாலை இரண்டரை மூன்றிலிருந்து எட்டரைவரை; நடுவில் பகல் முழுக்க ஓய்வு. பழைய குழுக்கள் ஏறக்குறைய இந்தக் கணக்கில்தான் போகின்றன. தை மாதமானாலும் நண்பகல் தார் வெறுங்காலுக்கு ஆகாது. வெயிலில் நடந்தே தீர வேண்டியிருந்தால் சாலையோரத்து வெள்ளைக் கோட்டின்மேல் நடங்கள். கறுப்பைவிட அது குறைவாகச் சுடும். விடியற்காலையில் மட்டும் அதன்மேல் கால் வைக்காதீர்கள், பனி படிந்தால் வழுக்கும்.

நடையில் எடுக்கும் ஓய்வுகள் குறுகியதாக இருக்கட்டும். ஒரு மணிநேரத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிடம், அதுவும் நின்றபடி. உட்காருவதென்றால் சரியாக உட்காருங்கள், அதற்கு ஒரு முறை உண்டு. வந்ததும் பொத்தென்று விழாமல் இரண்டு நிமிடம் மெதுவாக உலவி மூச்சு அடங்கவிடுங்கள். நனைந்த பனியனைக் கழற்றி, துண்டால் முதுகையும் நெஞ்சையும் அழுந்தத் துடைத்து, உலர்ந்ததை மாட்டுங்கள். குல்லா போடுங்கள். இவ்வளவும் முடிந்த பிறகு விரிப்பு, அதன்மேல் உட்காருதல், காலுறையைக் கழற்றிப் பாதத்தைப் பார்த்தல். சுக்குக் காப்பி எல்லாவற்றுக்கும் கடைசி. பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: ஈர முதுகோடு உட்கார்ந்து சுக்குக் காப்பியை உறிஞ்சிக்கொண்டு, ‘இன்னும் குளிருதே’ என்கிறார்கள். நனைந்த பனியனைத் தோள்பைக்கு வெளியே கட்டித் தொங்கவிட்டால் நடக்க நடக்கக் காய்ந்துவிடும். காலை வெயில் பட்டால் சுத்தமாக உலர்ந்துவிடும்.

குளியலையும் நேரம் பார்த்துச் செய்யுங்கள். விடியற்காலை நடை முடிந்து வழியில் பம்ப்செட் ஓடினால் அதைவிடப் பாக்கியம் வேறில்லை. பூமிக்கடியிலிருந்து வரும் தண்ணீர் பனிக்காலை நேரத்தில் வெதுவெதுவென்றிருக்கும். ராத்திரித் திறந்த தொட்டியில் கிடந்த தண்ணீரில் தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈரத்தலையோடு படுப்பதுதான் நடுக்கத்துக்கு நேர்வழி.

சாலை

பழனி பக்தர்கள் பச்சையும் காவியும் உடுத்துகிறார்கள். பகலில் கண்ணுக்கு எவ்வளவு அழகோ, இரவில் ஓட்டுநர் கண்ணுக்கு அவ்வளவு ஆபத்து. கரும்பச்சை வேட்டி கட்டிய ஆள் அதிகாலைப் பனிமூட்டத்தில் அருகில் வரும்வரை தெரியமாட்டார். ஒளிரும் பட்டையை நெஞ்சிலும் முதுகிலும் தெரியும்படி குறுக்கே மாட்டிக்கொள்ளுங்கள். காவல்துறை வழியில் சில இடங்களில் தரும், ஆனால் அது கிடைக்கும் என்று நம்பி முதல் இரவை இருட்டில் நடக்க வேண்டாம். வாகனம் எதிரே வருவது தெரியும்படி சாலையின் வலது ஓரத்தில், ஒருவர் பின் ஒருவராகப் போங்கள். குழுவின் கடைசி ஆள் கையில் மினுக்கும் சிவப்பு விளக்கு இருக்கட்டும், அந்தக் கடைசி ஆள் களைத்துப் பின்தங்கியவராக இல்லாமல் தெம்பானவராக இருக்கட்டும். காதில் பாட்டு மாட்டிக்கொண்டு நடப்பவரைக் குருசாமி கண்டிக்க வேண்டும்.

பாதையில் ஒரு பகுதியைத் தனியாகச் சொல்ல வேண்டும். நத்தத்துக்கும் திண்டுக்கல்லுக்கும் நடுவில் கோபால்பட்டி, சாணார்பட்டி வழியாக வரும்போது சாலை பரவாயில்லை; கரந்தமலையை ஒட்டி வரும் காற்றுதான் குளிரும். திண்டுக்கல் தாண்டியதும் கதை மாறும். பழனிவரை 60 கிலோமீட்டரை ஒட்டிய தூரம். வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்த கூட்டமெல்லாம் ஒன்றுசேரும் இடமும் அதுதான். ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தை பெரிய சந்தை. கேரளத்துக்குப் போகும் லாரிகள் இரவிலும் ஓடும். நீங்கள் மிகவும் களைத்திருக்கும் நேரமும் அந்த லாரிகளின் நேரமும் ஒன்றாக அமைகிறது. இந்தப் பகுதியை எப்பாடு பட்டாவது நடைபாதையிலேயே கடங்கள், நெருஞ்சி குத்தினாலும் பரவாயில்லை. தூக்கக் கலக்கத்தில் தள்ளாடுகிறவரை நடக்க விடாதீர்கள். அரைமணிநேரம் தூங்கி எழட்டும். பழனி எங்கும் போய்விடாது.

சோறும் தண்ணீரும்

வழியில் பட்டினி கிடக்க நினைத்தாலும் முடியாது. ஊருக்கு ஊர் அன்னதானம். புளியோதரை, பொங்கல், சுண்டல், மோர் என்று கையைப் பிடித்து இழுத்துக் கொடுப்பார்கள். மறுத்தால் அவர்கள் மனம் நோகுமே என்று எல்லாப் பந்தலிலும் வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் மூன்றாம் நாள் வயிற்றுப்போக்கோடு மரத்தடியில் இருப்பார்கள். சூடாக, கண்ணெதிரே இறக்கியதை மட்டும் சாப்பிடுங்கள். மற்றதைக் கும்பிட்டுவிட்டு ‘இப்பத்தான் சாப்பிட்டேன் சாமி’ என்று நகருங்கள். நடைக்கு முன் அரை வயிறு, நடை முடிந்து முழு வயிறு. விருப்பாட்சிப் பக்கம் மலைவாழைப்பழமும் ஆயக்குடியில் கொய்யாவும் கிடைக்கும். அவற்றை விட்டுவைக்க வேண்டாம்.

பனிக்காலத்தில் தாகம் ஏமாற்றும். வியர்வை போய்க்கொண்டுதான் இருக்கிறது, தொண்டை மட்டும் வறளுவதில்லை. தாகத்தை நம்பாமல் மணிநேரத்துக்கு இரண்டு டம்ளராவது குடியுங்கள். நாளுக்கு ஒன்றிரண்டு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கலக்கிக் குடித்தால் நரம்பு இழுப்பது குறையும். சிறுநீர் அடர்மஞ்சளாகப் போனால் குடித்தது போதவில்லை.

பெண்கள் பலர் தண்ணீரைக் குறைப்பதற்குக் காரணம் வேறு: ஒதுங்க இடமில்லை. இதைக் குழுத் தலைவர்கள் வெட்கப்படாமல் திட்டத்தில் சேர்க்க வேண்டும். எந்தெந்த ஊரில் பெட்ரோல் பங்க், எந்த மண்டபத்தில் கழிப்பறை, எந்தப் பள்ளிக்கூடத்தில் கேட்டால் திறந்துவிடுவார்கள் என்று முந்தைய ஆண்டு வந்தவர்களிடம் விசாரித்து எழுதிவைத்துக்கொண்டு, ஓய்விடங்களையே அதற்கேற்ப அமையுங்கள். அடக்கிவைத்து நடந்து நீர்க்கடுப்போடு காய்ச்சலில் விழுந்தவர்களைச் சேவை முகாம்களில் ஆண்டுதோறும் பார்க்கலாம்.

மருந்துப் பெட்டி

சர்க்கரை நோய் உள்ளவர்கள், குறிப்பாகப் பாதத்தில் மதமதப்பு இருப்பவர்கள், வெறுங்காலில் நடக்கவே கூடாது. அவர்களுக்குக் கொப்புளம் வலிக்காது, வலிக்காததால் பார்க்கமாட்டார்கள், பார்க்காததால் அழுகும். வேண்டுதலை மாற்றிக்கொள்ளலாம், காலை மாற்ற முடியாது. ஆஸ்துமாக்காரர்களுக்குப் பனிமூட்டத்தில் இழுப்பு வரலாம். இன்ஹேலர் சட்டைப்பையில் இருக்க வேண்டும், வேனில் அல்ல. இதய நோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள் ஒரு மாதம் முன்பே மருத்துவரிடம் நடைத் திட்டத்தைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள். டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை ஆண்டாயிற்று என்பதையும் அப்போதே பாருங்கள்.

வலி மாத்திரையில் கவனம் தேவை. தண்ணீர் குறைவாகக் குடித்துக் களைத்த உடம்பில் டைக்ளோஃபினாக் போன்றவற்றை வேளைக்கு ஒன்றாகப் போட்டால் சிறுநீரகம் பாதிக்கப்படும். பாராசிட்டமால் போதும். அதற்கும் அடங்காத வலி என்றால் அன்றைய நடையை நிறுத்த வேண்டிய வலி.

அடிவாரம்

ஊருக்குள் நுழைந்ததும் வேலை முடிந்துவிட்டது என்று நினைக்கிறோம். இனிமேல்தான் 693 படி. அதற்கு முன்னால் வரிசை. பூச நாளில் அது மணிக்கணக்கில் நகரும். நடக்கும்போது சூடாக இருந்த உடம்பு இந்த வரிசையில்தான் குளிர்ந்து விறைக்கும். உலர்ந்த பனியனை இதற்காகவே ஒன்று மிச்சம் வையுங்கள். சண்முக நதியிலோ சரவணப் பொய்கையிலோ குளிக்கிறவர்கள் வெயில் ஏறிய பிறகு குளிப்பது நல்லது. முடி இறக்கியவர்களுக்குத் தலை வழியாகக் குளிர் இறங்கும்; அந்தக் குல்லா மறுபடி உதவும். முழங்கால் கடுப்பவர்கள் படியை விட்டு யானைப்பாதையில் ஏறட்டும். படி குறைவு, சரிவு மெதுவானது.

மலைக்கோயிலுக்குள் செல்போனுக்கு அனுமதி இல்லை. 2023 அக்டோபர் முதல் இந்தக் கட்டுப்பாடு இருக்கிறது. கீழேயே பாதுகாப்பு அறையில் கொடுத்துவிட்டுச் சீட்டை வாங்கிக்கொள்ள வேண்டும். அதனால் மலைமேல் பிரிந்துவிட்டால் எங்கே சந்திப்பது என்று போன் கையில் இருக்கும்போதே பேசிவையுங்கள். குழந்தைகள், வயதானவர்கள் சட்டைப்பையில் குழுத் தலைவரின் எண்ணை எழுதிய அட்டை இருக்கட்டும்.

நகரத்தார் காவடிகள் திரும்பியும் நடந்தே போகும். மற்றவர்களுக்குச் சிறப்புப் பேருந்து. அதில் ஏறுமுன் வண்டியில் வைத்த தளர்ந்த செருப்பை எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். பாதம் ஒரு அளவு வீங்கியிருக்கும். உட்கார்ந்ததும் தூங்கிப்போகாமல் கணுக்காலைச் சுழற்றிக்கொண்டிருங்கள், வண்டி நிற்கும் இடத்தில் இறங்கி இரண்டு சுற்று நடங்கள். வீட்டில் இரவு காலுக்கடியில் தலையணை வைத்துப் படுத்தால் மூன்று நாளில் வீக்கம் வடிந்துவிடும். இரண்டு காலும் சமமாக வலித்தால் அது நடந்த வலி. ஒரு காலில் மட்டும் கெண்டைச்சதை வீங்கிச் சிவந்து, தொட்டால் சூடாக இருந்தால், தைலம் போட்டு நீவிவிடச் சொல்லாமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.